ஒரே வரியில் மென்பொருள்: வழங்கிக்குள் ஒரு பொதி வந்து சேரும் கதை

மாணவர்களே, கைப்பேசியில் ஒரு செயலி வேண்டுமென்றால் என்ன செய்கிறீர்கள்? செயலிக் கடையைத் திறந்து, பெயரைத் தேடி, ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அரை நிமிடத்தில் அதன் சின்னம் திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால், நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களை உங்களுக்கு அனுப்பிவைக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அழுத்துவதற்குப் பொத்தானே கிடையாது. சுட்டி இல்லை. பல நேரம் திரைகூட இல்லை. சர்வர் என்று நாம் சொல்லும் இந்த வழங்கிகளை, வேறொரு கணினியிலிருந்து எழுத்தாலேயே இயக்குகிறார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு மென்பொருள் வந்து சேரும். இன்னொரு வரி தட்டினால் போய்விடும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய மென்பொருளை நாம் எதை நம்பிக் கணினிக்குள் விடுகிறோம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

வெறும் விளக்கமாக இல்லாமல் ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். புக்கிட் ரோத்தானிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரைக்கும் உள்ள தோட்டங்களில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. சில இன்னும் இருக்கின்றன, சில இடம் மாறிவிட்டன. ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது ஓர் ஆண்டில் ஆண்டு மலர் அச்சிட்டிருக்கும். உங்கள் தாத்தா பாட்டியின் பெயர் அதில் இருக்கலாம். அந்த மலர்கள் அலமாரியில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, படத்தில் உள்ள தமிழைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றி, பள்ளியிலுள்ள எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். வகுப்பறை மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று இதற்குப் போதும். அதில் டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் அது ஒரு வழங்கி. இரண்டும் இலவசம்.

முதல் கட்டளை

இங்கே கட்டளைகளின் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளின் பெயர் டெசராக்ட். 1980-களில் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, 2005-இல் எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. அதை வரவழைக்கும் கட்டளை இது:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

சொல் சொல்லாகப் பிரிப்போம். 'சுடோ' என்றால் 'இதைத் தலைமைப் பயனரின் அதிகாரத்தில் செய்' என்று பொருள். மென்பொருளை நிறுவுவது முழுக் கணினியையும் பாதிக்கும் காரியம். அதனால் சாதாரணப் பயனருக்கு அந்த உரிமை கிடையாது. கணினி உடனே கடவுச்சொல் கேட்கும். (கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், தட்டிக்கொண்டே போங்கள்.) 'ஆப்ட்' என்பது நம் சார்பில் போய்ப் பொருள் வாங்கிவரும் நிரல். 'இன்ஸ்டால்' அதற்கு இடும் வேலை. மற்ற இரண்டும் பொதிகளின் பெயர். 'டாம்' என்பது தமிழ் மொழிக்கு அனைத்துலகத் தரத்தில் வழங்கும் மூன்றெழுத்துக் குறியீடு.

பொதி என்பது என்ன? ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான கோப்புகளையெல்லாம் சேர்த்து, சுருக்கிக் கட்டிய மூட்டை அது. கூடவே ஒரு சீட்டும் இருக்கும். என் பெயர் இது, பதிப்பு எண் இது, நான் இயங்க வேண்டுமானால் இன்னின்ன பொதிகள் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று அந்தச் சீட்டு சொல்லும். இப்படிப்பட்ட பொதிகளை அடுக்கிவைத்திருக்கும் இடம் களஞ்சியம். டெபியன் 12-ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 60,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன.

கட்டளையைத் தட்டியதும் ஆப்ட் உடனே வேலையில் இறங்கிவிடாது. முதலில் ஒரு பட்டியல் காட்டும். நீங்கள் கேட்டவை இரண்டுதான். பட்டியலிலோ பத்துப் பதினைந்து பெயர்கள் இருக்கும். டெசராக்ட்டுக்குப் படங்களைக் கையாள லெப்டோனிகா என்ற நூலகப் பொதி வேண்டும். லெப்டோனிகாவுக்கு ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் வகைப் படங்களைப் படிக்கத் தெரிந்த வேறு பொதிகள் வேண்டும். அவற்றில் டிஃப் பொதிக்குச் சுருக்கிய கோப்பை விரிக்கும் இன்னொரு பொதி வேண்டும். அம்மா ரசத்துக்குப் புளி வாங்கச் சொன்னால், புளியைக் கரைக்கப் பாத்திரம், பாத்திரத்தை வைக்க அடுப்பு, அடுப்புக்கு எரிவாயு என்று போவதைப் போன்றது. இவற்றைச் சார்புப் பொதிகள் என்கிறோம். எது எதைச் சார்ந்திருக்கிறது, எந்த வரிசையில் நிறுவ வேண்டும், ஏற்கெனவே உள்ளவற்றுடன் மோதல் வருமா என்று கணக்குப் போடுவதுதான் ஆப்ட்டின் உண்மையான திறமை.

ஆப்ட் வருவதற்கு முன்பு இந்தக் கணக்கை மனிதர்கள் போட்டார்கள். டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993-இல் தொடங்கினார். அதன் தொடக்க ஆண்டுகளிலேயே டிபிகேஜி என்ற நிரல் வந்துவிட்டது. கையில் கொடுக்கும் பொதியைப் பிரித்து வைப்பது அதற்குத் தெரியும். இல்லாததைத் தேடிப் போய்க் கொண்டுவருவது தெரியாது. ஒன்றை நிறுவினால் 'அது இல்லை' என்று நிற்கும், அதைக் கொண்டுவந்தால் 'இது இல்லை' என்று நிற்கும். 1999-இல் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் ஆப்ட் சேர்ந்த பிறகுதான் இந்த அலைச்சல் தீர்ந்தது. இன்றும் மூட்டையைப் பிரித்து அடுக்கும் வேலையை டிபிகேஜிதான் செய்கிறது. கடைக்குப் போய்வருவது மட்டும் ஆப்ட்.

பட்டியலின் கீழே எத்தனை மெகாபைட் இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். பழக்கதோஷத்தில் உடனே சம்மதம் சொல்லாமல் அந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். சில நேரம் அதில் 'இவை நீக்கப்படும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும்.

புதுப் பட்டியலும் புதுச் சரக்கும்

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. கேட்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் செய்வது வேறு வேறு.

அப்டேட் எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தில் இன்று என்னென்ன இருக்கின்றன, எந்தப் பதிப்பு எண்ணில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் புதிதாக வாங்கிவரும். அந்தப் பட்டியலைப் பார்த்து, உங்கள் கணினியில் உள்ள பழைய பொதிகளுக்குப் பதிலாகப் புதியவற்றை வைப்பது அப்கிரேட். மளிகைக்கடையின் போன மாத விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சாமான் கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? 'அது இப்போது வருவதில்லை' என்பார். அப்டேட் செய்யாமல் நிறுவ முயன்றால் '404, கோப்பு இல்லை' என்று வரும் பிழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே எந்தப் பொதியை நிறுவுவதற்கு முன்பும் அப்டேட் செய்யுங்கள்.

சரி, நிறுவியாகிவிட்டது. மலரின் முதல் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால், டெசராக்ட் அதை எழுத்தாக்கித் தரும். ஒரு குறிப்பு: தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய அச்சில் 'னை', 'லை' போன்றவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். அத்தகைய பழைய மலர்களில் மென்பொருள் தடுமாறக்கூடும். தாத்தா பாட்டியை அருகில் உட்காரவைத்து மெய்ப்புப் பாருங்கள்.

அடுத்து, அந்த எழுத்தை பிடிஎஃப் கோப்பாக்கினால் தமிழுக்குப் பதிலாக வரிசையாகக் கட்டம் கட்டமாக வரலாம். இதற்குக் காரணம் மிக எளிது. வழங்கிக்குத் திரை தேவையில்லை என்பதால் அதில் எழுத்துருக்களையும் மிகக் குறைவாகவே வைத்திருப்பார்கள்; தமிழ் எழுத்துரு இருக்காது. அதற்கும் ஒரு வரிதான்: 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-டாம்ல்'. இந்தப் பொதி ஒரு வேடிக்கை. அதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. 'இன்னின்ன தமிழ் எழுத்துருப் பொதிகளைக் கொண்டுவா' என்று சொல்லும் சீட்டு மட்டும்தான் இருக்கும். இப்படி வெறும் சீட்டாகவே உள்ளவற்றை மேல்பொதி என்று சொல்லலாம். அது அழைத்துவரும் எழுத்துருக்களில் ஒன்றுக்குச் சங்கப் புலவர் பரணரின் பெயர்.

அந்நியர் கையிலிருந்து வாங்குவது

இப்போது ஒரு கேள்வி. இந்தப் பொதிகளை டெபியனின் ஒரே கணினியிலிருந்து உலகமே வாங்க முடியாது. பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் களஞ்சியத்தை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கின்றன. இவற்றைக் கண்ணாடித் தளம் என்பார்கள். உங்கள் கணினி அருகிலுள்ள ஏதோ ஒரு கண்ணாடித் தளத்திலிருந்து பொதியை எடுத்துவருகிறது. அதை நடத்துபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வழியில் யாராவது மூட்டையைப் பிரித்து எதையாவது உள்ளே வைத்துவிட்டால்?

இதைத் தடுக்க இரண்டு உத்திகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கைரேகை. எஸ்எச்ஏ-256 என்ற கணித முறை, கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதிலிருந்து 64 குறிகள் கொண்ட ஒரு தொடரை உண்டாக்கும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். வேண்டுமென்றே அதே தொடர் வரும்படி வேறொரு கோப்பைத் தயாரிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். களஞ்சியத்தின் பொதிப் பட்டியலில் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கும். அந்தப் பட்டியலின் கைரேகை 'ரிலீஸ்' என்ற ஒரு சிறு கோப்பில் இருக்கும்.

இரண்டாவது உத்தி, அந்த ரிலீஸ் கோப்பில் டெபியன் இடும் மின்னியல் கையொப்பம். கையொப்பமிடும் இரகசியச் சாவி டெபியனிடம் மட்டும் இருக்கிறது. சரிபார்க்கும் பொதுச் சாவி இயங்குதளத்தை நிறுவும்போதே உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. அப்டேட் செய்யும்போதெல்லாம் ஆப்ட் கையொப்பத்தைச் சரிபார்க்கும். பொதி இறங்கியதும் கைரேகையைச் சரிபார்க்கும். எங்காவது பொருந்தாவிட்டால் வேலையை நிறுத்திவிடும். எனவே கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் கவலையில்லை, சீல் உடையாமல் இருந்தால் போதும்.

ஆனால், சீல் என்ன சொல்கிறது என்பதை நன்றாகக் கவனியுங்கள். 'உரியவர் கட்டிய மூட்டை இது, வழியில் யாரும் பிரிக்கவில்லை' என்றுதான் அது சொல்கிறது. 'உள்ளே உள்ள சரக்கு நல்லது' என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் 2024-இல் உலகத்தையே ஒரு நாள் தூங்கவிடாமல் செய்தது.

அரை வினாடித் தாமதம்

சற்று முன் டிஃப் பொதிக்கு 'சுருக்கிய கோப்பை விரிக்கும் இன்னொரு பொதி' வேண்டும் என்றேன் அல்லவா? அதன் பெயர் எக்ஸ்இசட். மிகச் சாதாரணமான, யாரும் பெயர் சொல்லிப் பேசாத மென்பொருள். டெபியன் பொதிகளே அதனால்தான் சுருக்கிக் கட்டப்படுகின்றன. கோடிக்கணக்கான கணினிகளில் உள்ள இந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒரு தன்னார்வலர்.

2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்துக்கு உதவ வந்தார். சிறு சிறு திருத்தங்களை அனுப்பினார், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மறுபுறம் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்குக் கடிதங்கள் வந்தன. வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. களைத்துப்போயிருந்த மனிதர் மெல்ல மெல்ல ஜியா டானுக்குப் பொறுப்பைப் பகிர்ந்தார். 2023-க்குள் புதிய பதிப்பை வெளியிடும் உரிமையே அந்தப் பெயருக்கு வந்துவிட்டது.

2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என்று இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டிலும் கள்ளக் கதவு ஒன்று ஒளிந்திருந்தது. யாரும் திறந்து படிக்காத சோதனைக் கோப்புகளுக்குள் அதை மறைத்துவைத்திருந்தார்கள். அதன் குறி எக்ஸ்இசட் அல்ல. தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைவதற்கு எல்லாரும் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் என்ற மென்பொருள்தான் குறி. எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் நேரடியாகத் தேவையே இல்லை. ஆனால், டெபியன் போன்ற தளங்களில் எஸ்எஸ்எச் சிஸ்டம்-டி என்ற நூலகத்தைச் சார்ந்திருந்தது. சிஸ்டம்-டி எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. சார்புச் சங்கிலியின் மூன்றாவது கண்ணியில் வைத்த விஷம் முதல் கண்ணிக்கு ஏறியது. குறிப்பிட்ட இரகசியச் சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே வழங்கியின் தலைமைப் பயனராக மாறியிருக்கலாம்.

கையொப்பம் இதைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. பதிப்பை வெளியிட்டவர் அதை வெளியிடும் உரிமை பெற்றவர். சீல் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது.

பிடித்தது ஒரு மனிதரின் சந்தேகம். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர், மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றுபவர். டெபியனின் நிலையற்ற பதிப்பில் தம் மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியாக நுழைவதற்கு ஏறக்குறைய 0.3 வினாடி ஆக வேண்டியது, 0.8 வினாடி ஆனது. அரை வினாடி! நாமாக இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. எங்கே நேரம் போகிறது என்று கண்ணி கண்ணியாகத் தேடிப்போய், எக்ஸ்இசட்டில் வந்து நின்றார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பாதிப்பின் கடுமைக்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசல் ஆடும் நேரத்தை ஏன் தசம இடம் வரை எழுதச் சொல்கிறார்கள் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

டெபியனைப் பொறுத்தவரை சேதம் ஒரு பழக்கத்தால் தவிர்க்கப்பட்டது. அங்கே ஒரு புதிய பதிப்பு நேராக எல்லாருக்கும் போய்விடாது. முதலில், துணிந்தவர்கள் பயன்படுத்தும் 'சிட்' என்ற பகுதிக்கு வரும். (டெபியன் பதிப்புகளின் பெயர்கள் 'டாய் ஸ்டோரி' படத்திலிருந்து வருபவை, சிட் என்பவன் அதில் பொம்மைகளை உடைக்கும் பையன்.) அங்கே தாக்குப்பிடித்தால் சோதனைப் பகுதிக்குப் போகும். நிலையான பதிப்புக்கு வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். கள்ளக் கதவு முதல் இரண்டு படிகளில் இருக்கும்போதே பிடிபட்டது. உண்மையான வழங்கிகளில் பெரும்பாலும் நிலையான பதிப்புதான் ஓடும். அதனால்தான் நானும் பள்ளி வழங்கிக்கு ஆகப் புதியதைத் தேடாதீர்கள், நிலையானதைப் போடுங்கள் என்கிறேன்.

திருத்தம் வந்த விதமும் சுவையானது. கெட்ட 5.6.1-க்குப் பதிலாகப் பழைய நல்ல 5.4.5-ஐக் கொடுக்க வேண்டும். ஆனால், அப்கிரேட் செய்யும்போது ஆப்ட் பெரிய எண்ணை நோக்கியே போகும். சின்ன எண்ணுக்குத் தானாக இறங்காது. ஆகவே டெபியன் வெளியிட்ட பதிப்பின் பெயர் '5.6.1+ரியலி5.4.5-1'. அதாவது, 'பெயருக்கு 5.6.1-ஐவிடப் பெரியவன், உண்மையில் நான் 5.4.5'. மறுபடி 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' என்ற இரண்டே வரிகள். பாதிக்கப்பட்ட பொதி மாறிவிட்டது. நோய் வந்த வழியாகவே மருந்தும் வந்தது.

ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இதுவரை வெளிவரவில்லை.

தாமதித்தால்

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் அப்கிரேடே செய்யாமல் இருந்துவிடலாமே' என்று சிலர் நினைக்கலாம். அதற்கு எதிரான பாடம் 2017-இல் கிடைத்தது. ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைத்திருந்தது. அதன் இணையத்தளம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருந்தது. ஓட்டையை அடைத்த பதிப்பு அவ்வாண்டு மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நிறுவனம் அதை அந்தத் தளத்தில் போடவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் ஜூலை இறுதிவரை உலாவினார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின.

ஓட்டை இருப்பது அறிவிக்கப்படும்போது நல்லவர்களும் படிக்கிறார்கள், கெட்டவர்களும் படிக்கிறார்கள். அதன்பிறகு நடப்பது ஓட்டப்பந்தயம். உங்கள் பள்ளி வழங்கியில் ஆண்டு மலர் மட்டும்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நாளைக்கு யாராவது அதே கணினியில் மாணவர்களின் அடையாள அட்டை எண் உள்ள பட்டியலையும் வைப்பார்கள். தினமும் உட்கார்ந்து கட்டளை தட்ட ஆளில்லை என்றால் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற பொதியை நிறுவி இயக்கிவையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாகவே போட்டுக்கொள்ளும்.

வேறு கடைகள்

ஆப்ட்டின் களஞ்சியத்தில் எல்லாம் கிடைக்காது. பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்களுக்கு பைபிஐ என்ற தனிக் களஞ்சியம் உண்டு; அங்கிருந்து வாங்கிவரும் நிரல் 'பிப்'. நம் வேலைக்கு அங்கே ஒரு நல்ல பொதி இருக்கிறது, பெயர் 'ஓப்பன்-தமிழ்'. முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்த நூலகம் இது. இதன் தேவையை உணர ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கோ அது த, மி, ழ் என்ற மூன்றெழுத்து. ஓப்பன்-தமிழை நிறுவினால் நம்மைப் போலவே மூன்று என்று எண்ணும். மலரில் உள்ள பெயர்களை அகர வரிசைப்படுத்தவும் அது உதவும்.

ஆனால், பைபிஐயில் யார் வேண்டுமானாலும் பொதியைப் போடலாம். டெபியனைப் போலப் படிப்படியான வடிகட்டல் இல்லை. புகழ்பெற்ற பொதியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, கெட்ட பொதியைப் பதிந்துவிட்டு, யாராவது தவறாகத் தட்டுவார்களா என்று காத்திருப்பவர்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவிடம் வழி கேட்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது: அது சில வேளை இல்லாத பொதியின் பெயரை உண்மை போலச் சொல்லிவிடும். அந்தப் பெயரில் ஒரு கெட்ட பொதியை முன்கூட்டியே பதிந்து வைக்க ஆள் இல்லாமலா போகும்? பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 'இந்த வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டு' என்று யார் சொன்னாலும், அதில் 'சுடோ' இருந்தால், ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியும்வரை ஒட்டாதீர்கள். வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

டெபியன் 12 முதல், பிப்பைக் கொண்டு கணினி முழுமைக்கும் எதையாவது நிறுவ முயன்றால் கணினி மறுத்துவிடும். ஒரே ஸ்டோருக்கு இரண்டு கிராணிகள் தனித்தனிக் கணக்கு எழுதினால் சரக்கு எப்படி ஒத்துப்போகும்? அதனால் பைத்தான் பொதிகளுக்கு 'வென்வ்' என்ற தனி அறையை உருவாக்கி, அதற்குள் மட்டும் நிறுவ வேண்டும். அறை கெட்டுப்போனாலும் வீடு கெடாது.

நீக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆப்ட் ரிமூவ்' மென்பொருளை எடுத்துவிடும், அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். பிறகு திரும்ப நிறுவினால் பழைய அமைப்பு அப்படியே இருக்கும். 'ஆப்ட் பர்ஜ்' அதையும் துடைத்துவிடும். கூட வந்த சார்புப் பொதிகள் இனி யாருக்கும் தேவையில்லை என்றால் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' அவற்றை வெளியேற்றும். கோப்புகளை நீங்களே தேடித் தேடி அழிக்க வேண்டாம். டிபிகேஜியின் கணக்குக்கும் வட்டில் உள்ளதற்கும் பொருந்தாமல் போய்விடும்.

இவற்றைப் பழகிப் பார்க்கத் தனிக் கணினிகூடத் தேவையில்லை. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதற்குள் டெபியனை ஏற்றினால், கெட்டாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒரு கணினி கிடைக்கும். டெபியனை நிறுவும் திரைகளைத் தமிழிலேயே பார்க்கலாம். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்த் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக 'எக்ஸ்இசட் --வெர்ஷன்' என்று தட்டிப் பாருங்கள். திரையில் வரும் எண் 5.6.0-ஆகவோ 5.6.1-ஆகவோ இருக்கக் கூடாது. பிறகு வார், லாக், ஆப்ட் என்ற அடைவுகளுக்குள் போய் 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பைத் திறங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்று வரிசையாக எழுதியிருக்கும்.